பழைய பெயரில் இன்னும் ஒன்று

பதிவுத் தபால் வந்தபோது அவள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து இரத்தப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி முகவரிக்கு அவளுக்கென்று தபால் வருவது அபூர்வம். கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள். ஒன்றும் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மறுபடி படித்தாள். 'தாங்கள் உரிமையின்றிப் பயன்படுத்திவரும் பெயர்' என்று இருந்தது. எட்டு வருஷமாக அவள் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்த்த பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று புரிய இன்னொரு பக்கம் தேவைப்பட்டது. திறந்து வைத்த ஃபிரிட்ஜ் 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போய் மூடினாள்.

அவள் அந்தப் பொது ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் டெக்னீசியன். இருபது வருஷ சர்வீஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்த ஒரு பழைய ஃபிரிட்ஜ் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. முப்பத்தொரு பைகளைத் தன் கையாலேயே கழிவுத் தொட்டியில் போட்டாள். அந்த வாரமே தம்பி படித்து முடித்துப் பரணில் போட்டிருந்த புத்தகங்களை இறக்கி, புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். நாற்பது வயதை நெருங்கியவளுக்கு இது என்ன வேலை என்று வீட்டில் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செய்தது சின்ன விஷயம்தான். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஃபிரிட்ஜுக்குள் போகும். உள்ளே எத்தனை டிகிரி என்பதை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய சர்வருக்குச் சொல்லும். பெட்டிக்குச் சொந்தமாக ஒரு சிம், கரண்ட் போனாலும் நான்கு நாள் தாங்கும் ஒரு பேட்டரி. ஃபிரிட்ஜுக்குப் பொறுப்பானவரின் போன் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆறு டிகிரியைத் தாண்டினால் போன் ஊரைக் கூட்டும். அதற்கு 'பனிக்கண்' என்று பெயர் வைத்து, எழுதிய வரிகள் அத்தனையையும் இணையத்தில் பொதுவில் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

பலரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், சொல்லவில்லை. சிலர் மட்டும் கூட நின்றார்கள். பிழை திருத்தினார்கள், வழிகாட்டி எழுதினார்கள். அவர்களில் மூத்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் அவரை எக்ஸ்சேஞ்ச் அண்ணன் என்றே அழைத்தார்கள். வேறு ஊர்க்காரர். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கூடப் பிறந்தவரோடு பேசுவதைவிட அவரோடு அவள் அதிகம் பேசியிருப்பாள்.

கடிதம் போட்டிருந்தது குளிர்சாதன லாரிகளும் கிடங்குகளும் நடத்தும் ஒரு பெரிய கம்பெனி. அவர்களும் புதிதாக ஒரு கருவி விற்கிறார்கள். அதற்கும் 'பனிக்கண்' என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன் முறைப்படி பதிவும் செய்துவிட்டார்கள். அவள் பதிவு என்று ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்த்ததில்லை.

கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஒரு வக்கீல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அண்ணி, சண்டை போட்டா நீங்க ஜெயிக்கலாம். முதல்ல வெச்சது நீங்கதான். ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க. பேர்தானே, மாத்திட்டுப் போங்க."

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பொறுமையை வளர்த்துக்கொண்ட மனிதர். அவரும் அதையேதான் சொன்னார். பேர்தானே. ஆஸ்பத்திரியில் மேலதிகாரி கூப்பிட்டு, கோர்ட் கேஸ் என்று எதுவும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

கூட இருந்த தன்னார்வலர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது பாதிப் பேர் கொதித்தார்கள். ஒருவர் ஒரேயடியாக வெளியேறினார். மீதிப் பேர் புதுப் பெயர் தேடுவதில் இறங்கினார்கள். 'பழைய பனிக்கண்' என்று வைத்து வெறுப்பேற்றலாம் என்றார் ஒருவர். 'ஜலதோஷம்' என்றார் இன்னொருவர், அதை மட்டும் எவனும் பதிவு செய்திருக்க மாட்டான் என்ற தைரியத்தில். இரண்டு வாரம் அடித்துக்கொண்டு, கடைசியில் வாக்கெடுத்து 'குளிர்மணி' என்று முடிவானது. இந்த முறை முதல் வேலையாகப் பதிவு செய்தார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்றே விஷயம். தொண்ணூறு நாளில் பழைய பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். பழைய பெயரில் உள்ள இணைய முகவரியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடக்கூடாது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தாற்போல இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் எக்ஸ்சேஞ்ச் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணா. அனுப்பியும் விட்டாச்சு."

பின்னால் அவர் மனைவி ஏதோ கேட்பதும், அவர் 'இரு, இரு' என்பதும் கேட்டது.

"பழைய பெட்டிங்க எல்லாம் டிகிரி சொல்ல எந்த அட்ரஸைத் தட்டுது?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடப் போனவள் மூடாமல் அப்படியே நின்றாள்.

கடந்த இரண்டு வருஷத்தில் வந்த பதிப்புகளில் முகவரியை மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பழைய முகவரி உள்ளேயே பதிந்திருந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே கைவைக்க முடியாதபடி, அவளாலேயே முடியாதபடி, அவள்தான் அப்படிச் செய்திருந்தாள். அது அன்று பெருமையாக இருந்தது. யாருடைய பெயரும், போன் நம்பரும், ஊரும் தன்னிடம் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவள்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் எண், வைத்தவர் அதற்குக் கொடுத்த செல்லப்பெயர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் டிகிரி. அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. பழைய பதிப்பில் சர்வரோடு தொடர்பு அறுந்தால் போன் ஒன்றும் சொல்லாது. கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். முகவரி கைமாறுகிற நிமிடத்தில் நான்கு டிகிரி என்று இருந்தால், அந்த போன் அதன் பிறகு காலமெல்லாம் நான்கு டிகிரி என்றுதான் காட்டும். உள்ளே என்ன நடந்தாலும் சரி.

அன்று மாலை வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து எண்ணினாள். பழைய பதிப்பில் நூற்று நாற்பத்தொரு பெட்டிகள் இருந்தன.

முதல் மாதம் நம்பிக்கையாகவே போனது. இணையப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அறிவிப்புப் போட்டார்கள். தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மெயில் அனுப்பினார்கள். டெக்னீசியன்களின் குழுக்களில் செய்தி சுற்றியது. எண்ணிக்கை நூறானது, எழுபதானது, நாற்பதில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்தார். பெட்டியின் படம் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார்கள். காரின் தலையில் 'பழகுநர்' என்ற பலகை இருந்ததால் பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதைச் சொல்லி அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

தேடத் தேடத்தான் தான் செய்த பொருள் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. மாட்டு டாக்டர் ஒருவர் தடுப்பூசிக்கு வைத்திருந்தார். காளான் வளர்ப்பவர் வைத்திருந்தார். ஒரு பிணவறைக் காவலாளி வைத்திருந்தார். ஒரு வீட்டில், சர்க்கரை நோயுள்ள ஆறு வயது மகளின் இன்சுலினுக்காக ஒரு தாய் சமையலறை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். பெட்டியை மாற்றிக்கொடுத்த பிறகு அந்தத் தாய் வாசல்வரை வந்து, "நீங்க வரலைன்னா எனக்கு எப்படிக்கா தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். காரில் ஏறியதும் அவள் அடுத்த கிளினிக்குக்கு வண்டியை விடச் சொன்னாள்.

மூன்று வாரம் இருக்கும்போது ஏழு பெட்டிகள் பாக்கி. அந்த ஏழும் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. டிகிரியை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தன.

அவற்றில் ஒன்றின் செல்லப்பெயர் 'தொடாதே'. மற்றவர்கள் 'ஃபிரிட்ஜ் ஒன்று', 'மாடி', 'செல்லம்' என்றெல்லாம் வைத்திருக்க, இவர் மட்டும் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அப்படியே அடித்திருக்க வேண்டும். ஒயரின் நுனியை ஒரு சிறு பாட்டில் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லி வழிகாட்டியில் எழுதியிருந்தது. இவர் வெறுமனே தொங்கவிட்டிருந்தார். அதனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் ஏறி இறங்கியது. காலை ஒன்பதுக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு இரண்டு மூன்று முறை, மாலை நாலரைக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஒழுங்கான ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் தன் பழைய சகாக்களிடம் சொல்லி அந்த சிம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். மூன்று மாவட்டங்களுக்குள் எங்கோ என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் போலீஸ் கேட்க வேண்டும். அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகார் யார் மேல் என்றார். திருட்டுப் போயிருக்கிறதா? இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா? இன்னும் இல்லை. அப்படி ஏதாவது ஆனா வாங்க, எழுதிக்கிறேன் என்றார்.

பொய் அலாரம் அடிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது அண்ணன்தான்.

அந்த போன்களுக்கு சர்வரிலிருந்து ஒரு எழுத்துகூடப் போகாது. எண் மட்டும்தான் போகும். 'நம்ம போன் நம்பரையே ரெண்டு ரெண்டு இலக்கமா டிகிரியாக்கி அனுப்பிட்டா என்ன?' என்று அவர் ஒருநாள் தமாஷாகச் சொல்லியிருந்தார். இப்போது தமாஷ் இல்லை. ஒன்பது டிகிரி என்று ஒரு பொய் எண்ணை அனுப்பினால் அலாரம் அடிக்கும். ஆள் ஓடிவந்து பார்ப்பார். உள்ளே சரியாகத்தான் இருக்கும். ஏன் அடித்தது என்று இணையத்தில் தேடினால் சிவப்பு எழுத்து கண்ணில் படும்.

அவள் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அலாரம் ஒருதரம் பொய் சொல்லிவிட்டால் மறுதரம் எழுந்து ஓட யாருக்குக் கால் வரும்? எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அது வீணாக ஒலித்ததில்லை. அதனால்தான் ஜனங்கள் அதை நம்பினார்கள். நான்கு நாள் அண்ணனோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மதிய இடைவேளையில் தானே கூப்பிட்டு, "பகல்ல அடிக்கலாம்ணா. பதினோரு மணிக்கு. ஆள் இருக்கிற நேரமா" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஏழு இடத்தில் அலாரம் அடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேர் கூப்பிட்டார்கள். மாலைக்குள் இன்னும் இரண்டு பேர். பல் டாக்டர் ஒருவர் வாய் திறந்த நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடியதாகச் சொல்லி வசவு வசவாக வைதார். அவள் அத்தனைக்கும் "சரிங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள். வையட்டும், ஆள் கிடைத்துவிட்டாரே.

ஏழாவது ஆள் கூப்பிடவில்லை. ஆனால் வந்தார். அவள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரம் அடித்து ஆறாவது நிமிடம் 'தொடாதே'யின் உண்மையான எண் 4.1-லிருந்து 5.6-க்கு ஏறியது. யாரோ மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டார்கள். நான்கு நிமிடம் திறந்தே இருந்தது. பிறகு மெல்ல இறங்கி 4.1-லேயே வந்து நின்றது. அவள் போனைக் கையில் பிடித்தபடி மாலைவரை இருந்தாள். மணி அடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தார்கள். இந்த முறை 99.9 என்று அனுப்பினார்கள். ஃபிரிட்ஜுக்குள் அவ்வளவு சூடு வராது, கருவியில்தான் ஏதோ கோளாறு என்று எந்த மனிதனுக்கும் தோன்றும், அப்போதாவது தேடிப் பார்ப்பார் என்பது கணக்கு. கதவு திறந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஒரே ஒரு நிமிடம். மூடிவிட்டார்கள்.

மூன்றாம் முறை அடித்தபோது கதவு திறக்கவே இல்லை.

அரை மணி நேரம் காத்திருந்தாள். ஒரு மணி நேரம். பிறகு ஏதோ உறுத்த, சர்வரில் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை 'எத்தனை டிகிரி' என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த போன், மூன்றாவது அலாரம் அடித்து இரண்டாவது நிமிடத்தோடு கேட்பதை நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

அண்ணனிடம் சொன்னபோது, ஒருவேளை போனில் சார்ஜ் இருந்திருக்காது என்றார். ஒருவேளை வேறு நல்ல கருவி வாங்கியிருப்பார்கள் என்றார்.

"போன்லேருந்து ஆப்பை அழிச்சிட்டாங்கண்ணா," என்றாள். "நாமதான் அழிக்க வெச்சோம்."

அன்றிலிருந்து அந்த ஃபிரிட்ஜைக் கவனிக்கும் ஒரே ஆள் அவள்தான் என்று ஆனது. பெட்டி தன்பாட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. இங்கே இவள் கேட்டாள். கேட்டு என்ன செய்ய? பஸ்ஸில் போகும்போது போனில் பார்த்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே பார்த்தாள். கரண்டியைக் கீழே வைக்காமல் அப்படி என்ன பார்க்கிறாள் என்று கணவர் ஒருமுறை எட்டிப் பார்த்து, எண்ணைக் கண்டதும் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனார். அவரும் தனியாக இரண்டு ஞாயிறு அந்த மூன்று மாவட்டங்களில் சுற்றிவிட்டு வந்திருந்தார். தாள்கள் தீர்ந்திருந்தன. ஆள் கிடைக்கவில்லை.

ஒப்படைக்க ஆறு நாள் இருக்கும்போது அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்கே போனாள். கண்ணாடிக் கதவு, மெத்தென்ற நாற்காலி, வாசலில் பெரிய எழுத்தில் 'பனிக்கண்'. பெயரை அங்கே பார்த்தபோது, தன் சேலையை வேறொருத்தி கட்டியிருப்பதைப் பார்த்தாற்போலிருந்தது. கம்பெனி வக்கீல் அவளைவிட இளையவர், மெல்லிய குரல். தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒரு வருஷம் டைம் கொடுங்க மேடம். இல்லைன்னா அந்த ஒரு பெட்டியோட தட்டலை மட்டும் எங்க பக்கம் திருப்பி விடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

வக்கீல் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா திருப்பி விடறோம்னு வெச்சுக்குங்க. ஒருநாள் அது திரும்பலை. அங்க யாருக்கோ ஏதோ ஆயிடுச்சு. அப்ப பொறுப்பு யாரு? எங்க பேர்ல இருக்கிற அட்ரஸ். நாங்கதானே?"

"இப்ப மட்டும் பொறுப்பு யாரு?"

"இப்ப யாரும் இல்லை," என்றார் வக்கீல். சொன்ன பிறகு அது தன் காதிலேயே விழுந்தாற்போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கிளம்பும்போது லிஃப்ட் வரை கூட வந்தார். ஒன்று மட்டும் செய்ய முடியும் என்றார். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர். யாராவது பழைய முகவரியைத் தட்டினால் அது ஒரு பட்டியலில் விழும். ஒரு மாதம்வரை அதைப் பார்த்துச் சொல்லும்படி அவரிடம் சொல்லிவைக்கிறேன், எழுத்தில் எதுவும் தர முடியாது என்றார். அவள் அந்த சர்வர்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முகவரி கைமாறியது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஐம்பத்தாறுக்கு 4.2. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு 4.1. அடுத்தது வரவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த ஜூனியர், என்னக்கா முகமெல்லாம் வேர்த்திருக்கு என்றாள். ஒன்றுமில்லை என்று இவள் துடைத்துக்கொண்டாள்.

சர்வர்காரர் வக்கீலின் வாக்கைக் காப்பாற்றினார். முதல் வாரம் இரண்டு முறை கூப்பிட்டார். பெட்டி இன்னும் தட்டுகிறது, தட்டும்போதே எண்ணையும் சொல்லிக்கொண்டுதான் தட்டுகிறது, அவர்கள் பக்கத்தில் அது வெறும் பிழை வரியாக விழுகிறது, நான்கு சொச்சம்தான், கவலைப்படாதீர்கள் என்றார். நடுவயதுக்காரர், பேச்சில் ஒரு நிதானம். அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பித்தது. குளிர்மணிக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். பழைய பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது குறைந்தது. ஒரு சாயங்காலம் அவளும் கணவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் தொடர் விடுமுறை. நான்காம் நாள் திங்கட்கிழமை. அவள் காலையிலேயே வேலைக்கு வந்து, ஃபிரிட்ஜ்களின் எண்களைக் குறித்துவிட்டு, பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரை மணிக்கு சர்வர்காரர் கூப்பிட்டார்.

"அம்மா, லீவுல நான் ஆபீஸ் வரலை. இப்பதான் பட்டியலைத் திறந்தேன். உங்க பெட்டி..."

"சொல்லுங்க."

"வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் நாலுதான். அதுக்கப்புறம் ஏறியிருக்கு. ஆறு, பத்து, பதினேழு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து இருபத்தாறு. அப்படியே நிக்குது. ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் இருபத்தாறுதான்."

அவள் கையில் இருந்த பையை மெதுவாகத் தட்டில் வைத்தாள். கரண்ட் போயிருக்கிறது. அல்லது யாரோ கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டி தன் பேட்டரியில் உயிர் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாக, கேட்க ஆளில்லாத வாசலில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நடுவுல கதவு திறந்தாங்களா? எண் குதிச்சிருக்கா பாருங்க."

"இல்லைம்மா. நேர்கோடு போட்டாற்போல இருக்கு. யாரும் வரலை."

"ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு அப்புறம்?"

அவர் ஏதோ நகர்த்தும் சத்தம் கேட்டது. குரலில் நிம்மதி தெரிந்தது.

"அதுக்கப்புறம் சரியாயிடுச்சும்மா. தானா இறங்கிடுச்சு. இருபது, பதினொண்ணு, ஏழு. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் நாலு புள்ளி ஒண்ணு. கரண்ட் வந்துடுச்சுபோல. நல்லவேளை."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜூனியர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். இருபத்தாறு டிகிரியில் இரண்டு நாள் இருந்த எதுவும், பிறகு எவ்வளவு ஜில்லென்று ஆனாலும், பழையபடி ஆகாது. தொட்டால் குளிரும். பார்த்தால் தெரியாது. காலையில் வந்தவருக்கு ஃபிரிட்ஜ் நான்கு டிகிரி காட்டியிருக்கும், என்றைக்கும்போல.

"சார்," என்றாள். "இன்னைக்குக் காலைல திறந்தாங்களா?"

"இருங்க பார்க்கிறேன். ஆமா. ஒன்பது மணி நாலு நிமிஷம், அஞ்சு புள்ளி ரெண்டு. அப்புறம் ஒன்பதே முக்கால். பத்து இருபது. பத்தரை. இன்னைக்கு அடிக்கடி திறக்கறாங்கம்மா, லீவு முடிஞ்சு கூட்டம்போல."

"அதுல என்ன வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

இப்போதுதான் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மறுமுனையில் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இப்பகூட ஒரு தடவை திறந்தாங்கம்மா."